அக்கராயன் மாமாவும் ஒரு தாம்பாளம் எண்ணெயும்

கிளிநொச்சியில் ரயிலை விட்டு இறங்கியதும் என் கையில் ஒரு சேவலைக் கொடுத்தார்கள்.

"ரீச்சர், இதை ஒருக்கா மடியிலை வைச்சிருங்கோ. பிள்ளையளிட்டைக் குடுத்தால் அவிட்டு விட்டிடுவினம்" என்றார் வண்டியோட்டி வந்தவர். பெயர் பொன்னுத்துரை. நான் வேலைக்கு வந்திருக்கும் குழந்தைகள் இல்லத்தின் சமையற்காரர் அவர்தான். வண்டிக்குள் அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லாரும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். கடல் தாண்டி வந்து நான் செய்த முதல் தொண்டு, கால் கட்டிய ஒரு சேவலை அசையாமல் பிடித்துக்கொண்டது.

மதுரைப் பக்கத்தில் இதே மாதிரி ஓர் இல்லத்தில் எனக்கு உத்தியோகம். எங்கள் தலைவி அம்மாளும் கிளிநொச்சி இல்லத்தை நடத்தும் தங்கரத்தினம் அக்காவும் பழைய சிநேகிதிகள். அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒத்தாசைக்கு யாரை அனுப்பலாம் என்று யோசித்த அம்மாள், "உனக்குத்தான் பின்னால் பிடித்து இழுக்க ஒருவரும் இல்லையே" என்று என்னைக் கைகாட்டினார். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள் என்பதை இவ்வளவு மரியாதையாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை.

பாதி வழியில் வண்டிச் சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. பிள்ளைகள் குதித்து வண்டியைத் தள்ளப் போனார்கள். நானும் உதவி செய்ய வேண்டுமே என்று எழுந்தேன். கால் கட்டு எப்போது தளர்ந்ததோ, சேவல் இதற்காகவே காத்திருந்தது. அதைப் பிடிக்க நான் வயல் வரம்பில் ஓடி, சேற்றில் ஒரு செருப்பை விட்டேன். கடைசியில் ஒரு சின்னப் பெண் பாவாடையை விரித்து அலுங்காமல் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் இடுப்பில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனை இறக்காமலே பிடித்திருக்கிறாள்.

"இந்தியாவிலை சேவல் இல்லையோ ரீச்சர்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையான சந்தேகம்.

இவள்தான் பவளம். வயது பத்து இருக்கும். இடுப்பில் இருந்தவன் தம்பி சிவபாலன். நாலு வயது. எல்லாரும் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இல்லம் என்பது தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு நீளக் கொட்டகை, சமையலுக்கு ஒரு குசினி, ஒரு கிணறு, முற்றத்தில் ஒரு பாலை மரம். மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் காலையில் யார் அடிப்பது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. அதனால் மணி அடிக்கும் முன்பே சண்டைச் சத்தத்தில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். தங்கரத்தினம் அக்கா கட்டுப் போட்ட காலைப் பலகையில் நீட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே நிர்வாகம் செய்தார். குரல் கிணற்றடி வரை கேட்கும். கால் நன்றாக இருந்த காலத்தில் எதுவரை கேட்டதோ, தெரியாது.

சாப்பாட்டில்தான் எனக்கு முதல் சறுக்கல். காலையில் பிட்டு, இரவில் பிட்டு, நடுவில் சோறு. இட்லி எங்கே என்று கேட்டேன். பொன்னுத்துரை அண்ணை மிகவும் அனுதாபத்தோடு, "உங்களுக்கு வயித்திலை ஏதும் வருத்தமோ?" என்றார். இரண்டாம் நாள் தேநீர் வந்தது. பால் இல்லை, சீனி இல்லை. கூடவே உள்ளங்கையில் வைத்துக்கொள்ள ஒரு பனங்கட்டித் துண்டு, நம் கருப்பட்டிதான். எனக்கு எல்லாம் தெரியும் என்ற தோரணையில் அதைத் தேநீருக்குள் போட்டுக் கலக்கினேன். சுற்றி இருந்த பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. பனங்கட்டியை ஒரு கடி, தேநீரில் ஒரு மிடறு என்றுதான் குடிக்க வேண்டுமாம். "முழுசையும் ஒரேயடியாப் போட்டிட்டா!" என்று ஒரு குட்டி குசினிக்கு ஓடியது. அன்றிலிருந்து எனக்கு இரண்டு துண்டு வைத்தார்கள், பாவம் என்று.

என் பேச்சும் அவர்களுக்கு ஒரு வேடிக்கை. நான் "ஆமாங்க" என்றால் போதும், கொட்டகை முழுக்க "ஆமாங்க, ஆமாங்க" என்று அலை பாயும். பிரார்த்தனை முடிவில்கூட ஒருவன் "ஆமாங்க" என்று முடித்தான். அக்கா கதிரையில் இருந்தபடி கையில் கிடைத்ததை எறிந்தார். அது என் மேல் விழுந்தது.

அடுத்த வாரம் பாலைப் பழம் பழுத்தது. மஞ்சள் நிறத்தில் கோலிக்குண்டு அளவு. தேன் மாதிரி இனிப்பு. பிள்ளைகள் காட்டோரம் போய் ஓலைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து என் முன் வைத்தார்கள். நானும் ஊர் மானத்தைக் காப்பாற்றுகிறவள் போலத் தின்றேன். அந்தப் பழத்தில் பால் உண்டு, அது பசை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. மாலைப் பிரார்த்தனைக்கு நான் பாட்டெடுக்க வாயைத் திறந்தபோது வாய் திறக்கவில்லை. பொன்னுத்துரை அண்ணை தேங்காயெண்ணெய் தடவி உதட்டைப் பிரித்துவிட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் கட்டுப் போட்ட கால் பலகையிலிருந்து விழுந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவே பவளத்தைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். நிர்வாகம் அக்காவுடையது என்றாலும் நடத்துகிறவள் பவளம்தான். யாருக்குக் காய்ச்சல், யார் பாயை நனைத்தார்கள், யார் யாருடைய மாங்காயைத் திருடினார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். அதே சமயம் அவளுக்குத் தம்பியைத் தவிர வேறு உலகம் இல்லை. சின்னவன் அவள் கையால் ஊட்டினால்தான் தின்பான். நான் ஊட்டப் போனேன். வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். பொறுமையாகப் பார்த்தான். பிட்டு ஆறி, என் கை ஓய்ந்து, நான்தான் தோற்றேன். இவர்களுடைய தாய் காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் காடு வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்துப் போனான். இரண்டையும் யாரோ ஒரு நல்ல மனிதர் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்.

இப்படி இருக்கும்போது பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி வாங்க அக்கா என்னை வவுனியாவுக்கு அனுப்பினார். போனது சரி. திரும்பும்போது கனகராயன்குளத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் சிங்களத்தில் வாக்குவாதம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காசிம் நானா எனக்காக அதை மொழிபெயர்த்தார். அவர் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கிற முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி.

"ஆக்களை இறங்கித் தள்ளச் சொல்லு எண்டு டிரைவர் சொல்லுறார். நீயே சொல்லு, போன முறை நான் சொல்லி ஏச்சு வாங்கினனான் எண்டு கண்டக்டர் சொல்லுறார். அதுக்கு டிரைவர், ஏச்சு வாங்கத்தானே உனக்குச் சம்பளம் எண்டு கேக்கிறார்."

கடைசியில் யாரும் சொல்லாமலே ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் உள்ளே இருந்து யோசனை சொன்னோம். பஸ் கிளம்பியதும் வியர்வையைத் துடைத்தபடி நானா வந்து உட்கார்ந்தார். என் ஊர், என் வயது, நான் ஏன் கல்யாணம் கட்டவில்லை என்பதையெல்லாம் வரிசையாக விசாரித்தார். பிறகு, "நீங்கள் கிளிநொச்சிப் பிள்ளைகள் இல்லத்து ரீச்சரெல்லோ? நல்லதாப் போச்சு, ஒரு சேதி" என்றார்.

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் அக்கராயன் என்ற ஊரில் வேலுப்பிள்ளையர் என்று ஒரு கமக்காரர், அதாவது விவசாயி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றுக் குடியேறியவர். நல்ல வயல், மாடு, எருமை. பிள்ளைதான் இல்லை. சின்னவனுடைய தாயின் கூடப்பிறந்த அண்ணன் அவர்தான். "வாற வெள்ளிக்கிழமை வந்து பொடியனைக் கூட்டிக்கொண்டு போறாராம். இல்லத்திலை சொல்லிவிடச் சொன்னவர்."

"பவளத்தை?" என்று கேட்டேன்.

"பொடியனைத்தான் சொன்னவர்" என்றார் நானா. அதற்குப் பிறகு அவர் என்னிடம் கல்யாணத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

அக்காவிடம் மெல்லிய குரலில்தான் சொன்னேன். ஆனால் கிடுகுச் சுவருக்கு இரகசியம் தெரியாது. "சொந்த மாமன் வந்து கேட்டால் மறிக்க ஏலாது. பொடியன் நல்லாயிருப்பான், அதுவும் உண்மை" என்றார் அக்கா.

"அப்படியானால் பவளத்தையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்களேன்."

"நான் கேக்க மாட்டன். கெஞ்சிக் குடுத்த பெட்டைப்பிள்ளை அந்த வீட்டுக் குசினிக்குள்ளைதான் வளரும். எத்தினை பெட்டையளைப் பாத்திட்டன். அவையளாக் கேட்டால்தான் அவள் பிள்ளை. நாங்கள் குடுத்தால் வேலைக்காரி."

எங்கள் ஊரிலும் அதுதான் நடப்பு.

மறுநாள் துணி துவைக்கும்போது பவளம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தம்பியின் சட்டையைக் கும்மியபடி, "ரீச்சர், கொடி சுத்திப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்குக் கூடாது எண்டு இந்தியாவிலையும் சொல்லுவினமோ?" என்று கேட்டாள்.

அட, ஊர் நினைவு வந்துவிட்டதே என்று நான் உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிட்டேன். "சொல்லாமலா! தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பெரிய பயம். மாமன் நேருக்கு நேர் பிள்ளை முகத்தைப் பார்க்கவே மாட்டான். தாம்பாளத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் தெரிகிற முகத்தைப் பார்த்தால் தோஷம் போய்விடும் என்பார்கள்."

"அந்த எண்ணெய்க் கதை இஞ்சையும் தெரியுமோ தெரியாது" என்றாள் பவளம். கொஞ்சம் யோசித்தாள். "நீங்கள் அதை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ."

அன்று மாலையே சின்னவன் கொடி சுற்றிப் பிறந்தவன் என்று கொட்டகை முழுக்கத் தெரிந்துவிட்டது. இரவில் ஒரு சுற்றாக இருந்தது காலையில் மூன்று சுற்றாகியது. சின்னவனைப் பிள்ளைகள் ஒரு மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தார்கள். அவன் வழக்கம்போல விரலைச் சூப்பிக்கொண்டு இருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலுப்பிள்ளையர் வந்தார். கொம்பு பெருத்த இரண்டு மாடு பூட்டிய வண்டி. ஆள் பாலை மரம் மாதிரி. தோளில் துவாய்த் துண்டு, மீசை, அதிகம் பேசாத வாய். நாலு பூசணிக்காயும் ஒரு மண்முட்டித் தேனும் இறக்கினார். அக்கா கோலை ஊன்றி வெளியே வரும்வரை உபசாரம் செய்ய வேண்டியவள் நான் அல்லவா? தேனைக் கொஞ்சம் சுவைத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக ஏதோ துண்டு. பேரீச்சம்பழம் போல இருக்கிறதே என்று மென்றேன். கொஞ்சம் நாராக இருந்தாலும் நல்ல ருசி.

"இது என்ன பழங்க?"

"பழமில்லை, மரை வத்தல். தேனுக்குள்ளை போட்டு வைச்சால் பழுதாகாது" என்றார் வேலுப்பிள்ளையர்.

மரை என்றால் என்ன என்று கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன். "மான் மாதிரி. ஆனால் பெரிசு." நான் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவள். கிணற்றடிக்கு நான் ஓடியதைப் பார்த்து அவர் பொன்னுத்துரை அண்ணையிடம், "அவவுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "இட்டலி இல்லாத வருத்தம்" என்றார் அண்ணை.

நான் வாய் கொப்பளித்துத் திரும்பியபோது பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. சந்தையில் கன்று பார்க்கிற மாதிரி மருமகனை முன்னால் நிறுத்தி, நாடியை நிமிர்த்தி, பல்லைப் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். சின்னவன் இதை எல்லாம் சட்டை செய்யவில்லை.

"கடிப்பான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"பாய் நனைப்பான்" என்றது இன்னொன்று.

"அவன் வந்த பிறகுதான் எங்கடை ஆடு செத்தது!"

ஆடு செத்ததற்கு அது துணி தின்றதுதான் காரணம். ஆனால் அந்த நேரம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா கோலால் தரையைத் தட்டினார். சத்தம் அடங்கியது. பவளம் முன்னால் வந்தாள். கைகள் இரண்டும் பின்னால்.

"மாமா, உங்களுக்கு மறைக்கக் கூடாது. தம்பி கொடி சுத்திப் பிறந்தவன். மூண்டு சுத்து."

"நாலு" என்றான் பின்னால் ஒருவன். பவளம் திரும்பிப் பார்த்தாள். அவன் மூன்று என்று ஒத்துக்கொண்டான்.

வேலுப்பிள்ளையர் மீசையைத் தடவினார். அக்காவைப் பார்த்தார். அக்கா ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இந்தியாவிலை இருந்து வந்தனீங்கள். சாத்திரம் எல்லாம் உங்கடை ஊரிலைதானே. உது மெய்யோ?"

நான் கணக்குப் பாடமும் கைத்தொழிலும் சொல்லிக்கொடுக்கிறவள். சாஸ்திரத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் முற்றத்தில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல் இருந்தது. "ஆமாங்க" என்றேன். இந்த முறை ஒரு பிள்ளைகூட என்னைப் போலப் பேசிக் காட்டவில்லை.

"அப்ப பரிகாரம் ஒண்டு இருக்குமே. இல்லாமல் விடுவினமோ?"

பவளம் என்னைப் பார்த்தாள். எண்ணெய்க் கதையைச் சொன்னால் பையன் இன்றே வண்டியேறிவிடுவான். பரிகாரம் கிடையாது என்றால் இந்த மனிதர் இனி இந்தப் பக்கமே வரமாட்டார், பையனுக்கு ஒரு வீடு இல்லாமல் போய்விடும். இரண்டில் எதற்கும் எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ, சரளமாக வந்தது.

"பரிகாரம் உண்டுங்க. தாம்பாளத்தில் எண்ணெய் ஊற்றி முகம் பார்க்கணும். ஆனா பிள்ளையைத் தனியா பார்க்கக் கூடாது. கூடப்பிறந்தவங்க இருந்தா சேர்த்துத்தான் பார்க்கணும். எண்ணெய்ல சேர்ந்து தெரிஞ்ச முகத்தை அப்புறம் பிரிக்கவே கூடாது. பிரிச்சா, மாமனுக்கு…" என்று இழுத்தேன். மீதியைச் சொல்லாமல் விடுவதுதான் இந்த மாதிரி விஷயத்தில் பலம்.

அக்கா இப்போது ஆகாயத்தை விட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மதுரை வரை சுமந்துகொண்டு போனேன்.

பொன்னுத்துரை அண்ணை பெரிய வெண்கலத் தாம்பாளத்தில் தேங்காயெண்ணெயை ஊற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். வேலுப்பிள்ளையர் சப்பணம் போட்டு உட்கார்ந்து குனிந்தார். சின்னவனையும் பவளத்தையும் அவருக்கு எதிரே குனிய வைத்தேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் இல்லத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுதான். அதையும் அக்கா தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். முகம் தெரியும் என்ற பேச்சைக் கேட்டுவிட்டு எந்தப் பிள்ளை சும்மா நிற்கும்? பின்னாலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் தோள் மேல் இன்னொன்று. பிறகு வலப்பக்கம், இடப்பக்கம், மாமாவின் கக்கத்துக்கு அடியில் என்று இல்லம் முழுவதும் அந்தத் தாம்பாளத்துக்குள் தலையை நீட்டியது. ஒருத்தி தன் முன்பல் விழுந்த இடத்தை எண்ணெயில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலுப்பிள்ளையர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"எல்லாரும் தெரியினம்" என்றார் கடைசியில். "பாத்த முகத்தைப் பிரிக்கக் கூடாதெண்டால் நான் ஒரு பள்ளிக்கூடமெல்லோ கட்டோணும்."

பிள்ளைகளுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அவர் நிமிர்ந்து பவளத்தைப் பார்த்தார். "இவன் பிறந்த அண்டு நல்ல மழை. மருத்துவிச்சியை வண்டியிலை ஏத்திக்கொண்டு வந்தவன் நான். வாசலிலை நனைஞ்சுகொண்டு நிண்டு, எல்லாம் சரியோ எண்டு கேட்டவனும் நான். கொடியுமில்லை, ஒரு கோதாரியுமில்லை."

எனக்குப் பூமிக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. பவளம் மட்டும் அசையவில்லை.

"ஓம், நான் பொய்தான் சொன்னனான்" என்றாள். "ஆனால் நீங்கள் தம்பி மட்டும் வேணுமெண்டு கேட்டது மெய்தானே?"

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார். "பெட்டைப் பிள்ளையெண்டால் நாளைக்குச் சீதனம், சாமத்தியச் சடங்கு எண்டு… என்ரை மனிசியும் யோசிக்கும்" என்று முணுமுணுத்தார். பிறகு மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துச் சின்னவனின் வாயருகே நீட்டினார். சின்னவன் வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். அவரும் என்னைப் போலவே தோற்றார்.

"மனிசியோடை கதைச்சுப்போட்டு ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்று எழுந்து போனார். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். "இந்தியாவிலை இருந்து ஆளைக் கூப்பிட்டு, இஞ்சை பொய் சொல்லப் பழக்குறன் எண்டு உங்கடை அம்மாளுக்கு எழுதட்டோ?" என்றார். கோபம்தான். ஆனால் அன்றிரவு என் தேநீருக்கு மூன்று பனங்கட்டி வந்தது.

சனிக்கிழமை காலையில் பவளம் தம்பியோடு என்னிடம் வந்தாள். கையில் பிட்டுக் கோப்பை.

"ரீச்சர், நீங்கள் இவனுக்குத் தீத்துங்கோ."

"என் கையால் தின்ன மாட்டானே?"

"தின்னப் பழக்கோணும். நாளைக்கு அவை இவனை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் அங்கை பட்டினி கிடப்பான்." பிறகு தம்பியின் காதருகே குனிந்தாள். "இது மாமியின்ரை கை எண்டு நினைச்சுக்கொள்ளு. ஆ காட்டு."

அவன் ஆ காட்டவில்லை. அவள் கெஞ்சினாள், அதட்டினாள், கதை சொன்னாள். பகல் முழுக்க நடந்தது. சாயங்காலம் ஒரு தடவை வாயைத் திறந்தான். நான் சந்தோஷமாகப் பிட்டை வைத்தேன், என் விரலைக் கடித்துவிட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பவளமும் சிரித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போனாள். நான் பின்னால் போகவில்லை. போனால் நானும் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தேன் என்று பெருமை பேசுகிறவள் நான். தம்பி தன்னை விட்டுவிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று பாடம் நடத்திய ஒரு பத்து வயதுப் பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியிலிருந்து முதலில் இறங்கியது வேலுப்பிள்ளையர் இல்லை, அவருடைய மனைவி. ஒல்லியான சிறு உருவம். அந்தப் பெரிய மனிதருக்குப் பக்கத்தில் நின்றால் அவர் தோளுக்குக்கூட எட்டாது. காலில் செருப்பை மாட்டும் முன்பே கேட்டார்.

"பெட்டை எங்கை?"

பவளம் பாலை மரத்தடியில் நின்றாள். அந்த அம்மாள் நேரே அவளிடம் போனார்.

"சீதனத்துக்கு நான் யோசிச்சனானாம் எண்டு இந்த மனிசன் இஞ்சை வந்து சொன்னதோ?"

பவளம் மாமாவைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கலாமா என்று யோசித்தாள் போலிருக்கிறது. அதற்குள் இருபது பிள்ளைகளும் ஒரே குரலில், "ஓம்!" என்றார்கள்.

"பாத்தீங்களோ அக்கா" என்று அம்மாள் தங்கரத்தினம் அக்காவிடம் திரும்பினார். "ரெண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டுதான் நான் அனுப்பினனான். வெள்ளிக்கிழமை விடிய எழும்பி ரெண்டு பேருக்கும் எண்டு புட்டவிச்சு வைச்சிருந்தன். இந்தாள் எனக்குத் தெரியாமல் கணக்குப் பாத்து ரெண்டை ஒண்டாக்கிப் போட்டுது. ஒரு பிள்ளையும் வராமல், கடைசியிலை ஒரு எண்ணெய்க் கதையோடை வீட்டுக்கு வந்தது."

வேலுப்பிள்ளையர் வண்டியின் சக்கரத்தில் ஏதோ கோளாறு இருப்பதுபோல அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமி" என்றாள் பவளம். நேரே ஒருவரை அப்படிக் கூப்பிட அவள் அப்போதுதான் முதல் தடவையாகப் பழகிப் பார்த்தாள். "என்னைப் பள்ளிக்கூடம் விடுவீங்களோ?"

"விடாமல்? நாளைக்குத் தம்பியும் வந்து அங்கை அழுதால் நீயெல்லோ பக்கத்திலை இருக்கோணும்." பிறகு என்னைக் கண்டுகொண்டார். "நீங்கள்தானோ அந்த இந்தியா ரீச்சர்? அந்தத் தாம்பாளத்தை ஒருக்காக் கொண்டுவாங்கோ. நானும் பாக்கோணும்."

"அது பொய்ங்க, நான் சும்மா…" என்று தடுமாறினேன்.

"பொய்யெண்டு தெரியும். கொண்டுவாங்கோ."

அந்த எண்ணெயில் பொன்னுத்துரை அண்ணை முதல் நாள் வடை சுட்டிருந்தார். மிச்சம் கொஞ்சம்தான், நிறம் மாறி, அடியில் நாலு கடுகோடு இருந்தது. அதையே ஊற்றிக் கொண்டுவந்தேன். அம்மாள் தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் பவளத்தையும் மறு பக்கம் சின்னவனையும் அணைத்துக்கொண்டு குனிந்தார். இந்த முறை மற்றப் பிள்ளைகள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. யாரும் சொல்லாமலே தள்ளி நின்றார்கள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

"மூண்டு முகம் தெரியுது" என்றார் அம்மாள். விரலை எண்ணெயில் தொட்டு இரண்டு பிள்ளைகளின் உச்சியிலும் வைத்துத் தேய்த்தார். "காணும், இவ்வளவும் போதும்."

வேலுப்பிள்ளையர் சக்கரத்தை விட்டுவிட்டு மெல்ல நடந்து வந்தார். பின்னால் நின்று, தன் முகமும் தெரிகிறதா என்று கழுத்தை நீட்டினார்.

"நீங்கள் போய் மாட்டைப் பூட்டுங்கோ" என்றார் மனைவி, நிமிராமலே.

அவர் போய் மாட்டைப் பூட்டினார்.